கைப்பிடி இல்லாத படிகள்

விடிவதற்கு முன், நாலேகால் மணி.
ராஸ் அல் கைமாவைத் தாண்டிய பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில்
நின்றிருந்தான் உபைத்.
வேலை நாளில் தீயணைப்பு வண்டி,
விடுப்பு நாளில் மலை.
கூட்டத்தோடு என்றால் நூற்றைம்பது திர்ஹம்,
தனி ஆளுக்கு ஐநூறு.
ஐநூறு கொடுத்தேன்,
என் மூச்சிரைப்பை இன்னொருவர் கேட்க வேண்டாமே என்று.

"பேர்?"
"இடும்பன்."
"இதுமான்?"
"ஆமாம்."
இரண்டு மலைகளைத் தோளில் தூக்கியவன் பேர் அது என்று
சொல்லியிருக்கலாம்.
முதல் ஏற்றத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்
அதையெல்லாம் சொல்லக் கூடாது.

வாதி கலீலாவில் வண்டி நின்ற இடத்தோடு சாலை முடிந்தது.
பிறகு உருளைக்கற்கள், ஓர் ஆட்டுக்கொட்டில்,
பிறகு செங்குத்து.

பதினாறு வருடமாக, ஜுபைலிலும் ருவைஸிலும்,
சாரம் பரிசோதிப்பது என் வேலை.
படிக்குப் படி அளப்பேன், குறடு போட்டு முடுக்கிப் பார்ப்பேன்.
பச்சை அட்டை தொங்கினால் ஏறலாம்.
சிவப்பு என்றால் மேனேஜரே வந்தாலும் கீழேதான்.

இங்கே பாறை இடுக்கில்
கல்மேல் கல்லைச் செருகிப் படி என்கிறார்கள்.
சிமெண்ட் இல்லை. ஆணி இல்லை.
ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது நாலு விரற்கடை.
ஒரு பக்கம் மலை.
மறுபக்கம், மறுபக்கமே இல்லை.

பழக்கதோஷம், கண் தானாகவே படிவத்தை நிரப்பியது.
கைப்பிடி: இல்லை.
கட்டியவர் கையொப்பம்: இல்லை.
கட்டிய தேதி?
உபைத்தைக் கேட்டேன்.
"ஆடுகளைக் கேள்" என்றான்.

எத்தனையாவது படியோ, கால் வைத்ததும்
டொக் என்றது ஒரு கல்.
உடம்பின் ரத்தமெல்லாம் உள்ளங்காலுக்கு இறங்கிவிட்டது.
"அது அப்படித்தான்.
ஆள் வருவது மேலே கேட்கட்டும் என்று விட்டுவைத்தார்களாம்.
சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம்."
கோடரித் தலை வைத்த சின்னத் தடியை நீட்டினான்,
பிடித்துக்கொள்ள அல்ல,
அடுத்த கால் எங்கே என்று காட்ட.

கீழே பார்க்காதே என்பான் என்று நினைத்தேன்.
"பார்த்துவிடு" என்றான், "பார்த்துவிட்டு ஏறு."

பார்த்தேன்.
எங்கள் வண்டி சுண்டுவிரல் நகம்.
அப்பால் கல்குவாரியின் வெள்ளைப் புழுதி,
கல்லேற்றக் காத்துக் கிடக்கும் கப்பல்கள்.
அப்புறம், கூப்பிடாமலே,
ஜுபைல், நாலாம் எண் கோபுரம், பிற்பகல் மூன்று மணி.
பிகாஷ் தாபா.
என் பச்சை அட்டை தொங்கிய படியிலிருந்துதான்.
விசாரணை ஒன்பது நாள் நடந்தது.
அளவுகள் சரி. கைப்பிடி சரி. கையொப்பம் சரி.
யார்மீதும் தவறில்லை என்று முடித்தார்கள்.
அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்வது என்று
யாரும் எழுதித் தரவில்லை.

உபைத் ஒன்றும் கேட்கவில்லை.
ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான்,
மெதுவாக, இரண்டு காலிலும்.

உச்சி என்று எதுவும் வரவில்லை.
கூரை போன ஒரு கல்வீடு, ஓர் இலந்தை,
கோதுமை விளைந்திருக்கக்கூடிய ஒரு பாத்தி.
இவ்வளவு படியும் இந்த ஒரு கதவுக்குத்தானா?
பிளாஸ்கில் ஆறிப்போன கரக் சாயா.
அவன் போனில் சிக்னல் தேடினான்,
நான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன்.

இறக்கத்தில் அவன் முன்னால்.
தடியால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டே போனான்.
அந்தக் கல் வந்தது.
தாண்டிப் போக இடமிருந்தது.
மிதித்தேன்.

டொக்.

கீழ்ப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமலே
"இதுமான்?" என்றான்.
"நான்தான்" என்றேன்.